தண்ணீரில் மூச்சுத் திணறும் மீன்

மீன்கள் எதனால் சுவாசிக்கின்றன என்று கேட்டால், ஆறாம் வகுப்புக் குழந்தை யோசிக்காமல் ‘செவுள்களால்’ என்று சொல்லிவிடும். விடை சரி, மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் கண்மாய்க்கரை, ஆற்றங்கரை ஊர்களில் அறிவியல் நடத்தும் நம்மில் பலர் அடுத்து வரும் கேள்வியையும் சந்தித்திருப்போம். “அப்ப விரால் மட்டும் ஏன் சார் மேல வந்து வந்து போகுது?”

இதைக் கேட்கும் பிள்ளை பெரும்பாலும் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையாக இருப்பதில்லை. தாத்தாவோடு தூண்டில் போடப் போன பிள்ளை. மீன்பிடித் திருவிழாவில் ஊத்தாவைத் தூக்கிக்கொண்டு சேற்றில் ஓடிய பிள்ளை. பாடநூலில் இல்லாத ஒன்றை அது கண்ணால் பார்த்துவிட்டு வந்திருக்கிறது. ‘அதெல்லாம் பாடத்தில் இல்லை, உட்கார்’ என்று சொல்லிவிட்டால், கண்ணால் பார்த்ததற்கும் அறிவியலுக்கும் தொடர்பில்லை என்று அந்தப் பிள்ளை முடிவு செய்துகொள்ளும். அந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு மூன்று நான்கு பாடவேளைகளை நடத்தலாம் என்பது என் அனுபவம். அதற்கு விராலைப் பற்றி நமக்குக் கொஞ்சம் விவரமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

விரால் நம் ஊர் மீன். காவிரி, வைகை, தாமிரபரணி ஆறுகளின் ஓட்டம் குறைந்த மடுக்களிலும், வாய்க்கால்களிலும், கண்மாய், ஏரி, குளங்களிலும், நீர் நிற்கும் வயல்களிலும் வாழ்கிறது. இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வரை பரவியிருக்கிறது. அறிவியல் பெயர் சன்னா ஸ்ட்ரையேட்டா. சங்க இலக்கியத்தில் இது ‘வரால்’. மலையாளத்தில் இன்றும் வரால்தான். தெலுங்கில் கொர்ரமீனு, தெலங்கானாவின் மாநில மீன் இது. சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய பிரான்சிஸ் டே, 1875 முதல் 1878 வரை வெளியிட்ட இந்திய மீன்கள் பற்றிய பெரிய நூலில், ஒவ்வொரு மீனுக்கும் உள்ளூர்ப் பெயர்களைக் கேட்டுக் குறித்திருக்கிறார். அதில் இந்த மீனின் தமிழ்ப் பெயரும் இருக்கிறது.

உடலைப் பார்த்தாலே இது வேறு மாதிரியான மீன் என்று தெரியும். கெண்டையைப் போலப் பக்கவாட்டில் தட்டையாக இல்லாமல் உருளை வடிவில் நீண்டிருக்கும். தலை மேலிருந்து அழுத்தியதுபோல் தட்டையாக இருக்கும். அதன் மேல் பெரிய தகடுகள் போன்ற செதில்கள் பாம்பின் தலையை நினைவூட்டும். ஆங்கிலத்தில் இதற்குப் பாம்புத்தலை மீன் என்று பொருள்படும் பெயர் வந்தது இதனால்தான். வாய் அகன்றது, பற்கள் கூர்மையானவை. முதுகுத் துடுப்பு கழுத்துக்குப் பின்னிருந்து வால் அருகே வரை ஒரே நீளமாக ஓடும். வால் துடுப்பு கவட்டையாகப் பிரியாமல் விசிறிபோல் வட்டமாக இருக்கும். முதுகு கரும்பச்சை அல்லது கரும்பழுப்பு, வயிறு வெளுப்பு. விலாவில் சாய்வான கரும்பட்டைகள். செடிகளுக்கு இடையே அசையாமல் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. தவளை, தலைப்பிரட்டை, இறால், சிறு மீன், பூச்சி என்று அருகில் வருவதைப் பாய்ந்து பிடிக்கும். பசித்தால் தன் இனத்துச் சிறு மீனையும் விடாது.

இனி மூச்சு. மற்ற மீன்களைப் போலவே விராலுக்கும் செவுள்கள் உண்டு. ஆனால் வளர்ந்த மீனுக்கு அவை மட்டும் போதாது. செவுள்களுக்கு மேலே, தலையின் இருபுறமும் ஒவ்வோர் அறை இருக்கிறது. அதன் உட்சுவர் மடிப்பு மடிப்பாக, நுண்ணிய இரத்தக் குழாய்கள் நிறைந்து இருக்கும். விரால் மேற்பரப்புக்கு வந்து பழைய காற்றை வெளியேற்றி, புதுக் காற்றை வாயால் கவ்வி இந்த அறைக்குள் அனுப்புகிறது. அங்கே ஆக்சிஜன் இரத்தத்தில் கலக்கிறது. கார்பன் டை ஆக்சைடின் பெரும்பகுதி செவுள் வழியாகவும் தோல் வழியாகவும் தண்ணீரிலேயே கரைந்து போய்விடும். உள்ளே வருவது ஒரு வழி, வெளியே போவது இன்னொரு வழி. நம் நுரையீரலோடு ஒப்பிட்டுக் கரும்பலகையில் இரண்டு படங்கள் வரைந்தால் குழந்தைகளுக்கு வேறுபாடு உடனே பிடிபடும்.

“அப்ப விராலுக்கு நுரையீரல் இருக்கா?” என்று யாராவது கேட்பார்கள். இல்லை. நுரையீரல் மீன்கள் வேறு கூட்டம். அவை ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியாவில் மட்டுமே உள்ளன. விராலின் உறுப்பு செவுளுக்கு மேல் உள்ள ஒரு காற்றறை. அவ்வளவுதான்.

செவுள் இருக்கும்போது காற்றறை எதற்கு? விடை மீனில் இல்லை, கண்மாய்த் தண்ணீரில் இருக்கிறது. 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர், காற்றிலிருந்து எடுக்கக்கூடிய ஆக்சிஜன் முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் சுமார் 7.5 மில்லிகிராம்தான் கரைந்திருக்கும். அதே வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. அதாவது 36 மடங்கு. அந்த 7.5 மில்லிகிராமும் கோடையில் வற்றிக் கலங்கிய கண்மாயில் கிடைப்பதில்லை. அழுகும் இலைதழைகளும் அவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிரிகளும் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. இரவில் நீர்த்தாவரங்களும் சேர்ந்துகொள்ளும். ஒளிச்சேர்க்கை நின்றுவிடும், சுவாசம் நிற்காது. அதனால்தான் விடியற்காலையில் கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்க்கிறோம். கெண்டைக்கு அது ஆபத்துக் காலம். விராலுக்கு அது அன்றாட வழக்கம்.

இதன் மறுபக்கம்தான் குழந்தைகளை வியக்க வைப்பது. சூடான, ஆக்சிஜன் குறைந்த நீரில் வளர்ந்த விராலை மேலே வரவிடாமல் தடுத்தால் அது மூச்சுத் திணறி இறந்துவிடும். மீன் ஒன்று தண்ணீரில் மூழ்கிச் சாகும்! வகுப்பில் இதைச் சொன்னதும் ஒரு நிமிடம் சத்தமே இருக்காது. பிறகு எல்லோரும் ஒன்றாகப் பேசுவார்கள். இதைச் செய்து காட்ட வேண்டாம்; மீனைக் கொல்லும் சோதனைக்குப் பள்ளியில் இடமில்லை. வாரச்சந்தைக்குப் போனாலே போதும். உயிர் விரால் விற்பவர்கள் அண்டாவிலோ பிளாஸ்டிக் தொட்டியிலோ முதுகு நனையும் அளவுக்குத்தான் தண்ணீர் வைத்திருப்பார்கள். ஏன் என்று என் மாணவர்கள் ஒரு அம்மாவிடம் கேட்டார்கள். “நெறைய ஊத்தி மூடி வெச்சா செத்துப்போகும் தம்பி. கொஞ்சமா இருந்தா சாயங்காலம் வரைக்கும் தாங்கும்” என்றார். அவர் சொன்ன இரண்டு வாக்கியங்களில் காற்றறையின் பாடம் முழுவதும் இருக்கிறது.

இதே செய்தியை மதுரையில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1970களில் மதுரைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டி.ஜே. பாண்டியனும் இ. விவேகானந்தனும் விராலின் மேலேறும் பழக்கத்தை ஆராய்ந்தார்கள். ஆழமான நீரில் வளரும் விரால் ஒவ்வொரு மூச்சுக்கும் அதிக தூரம் நீந்த வேண்டியிருக்கிறது. தின்ற உணவின் ஆற்றல் அந்த நீச்சலுக்கே செலவாகிறது. வளர்ச்சிக்குச் சேர்வது குறைகிறது. ஆழம் குறைந்த நீரில் நன்றாக வளர்கிறது. மீன் வளர்ப்போருக்கு இது பணம் சார்ந்த செய்தி. நமக்கோ கணக்குப் பாடம். ஒரு விரால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் 288 முறை. அது தங்கும் ஆழம் 1 மீட்டர் என்றால் போய்வர 2 மீட்டர், ஆக 576 மீட்டர். ஆழம் 2 மீட்டர் என்றால் 1,152 மீட்டர். 5 நிமிடம் என்பது கணக்குக்காக நாம் வைத்த எண். உண்மையில் எவ்வளவு இடைவெளி விடுகிறது என்பதைக் குழந்தைகளே சந்தைத் தொட்டியின் அருகில் நின்று கைக்கடிகாரத்தால் குறிக்கலாம். ஒரே மீனை அடையாளம் வைத்துக்கொள்வதுதான் சிரமம். தொட்டியில் ஒற்றை மீன் இருக்கும்போது பார்த்தால் நல்லது. வெயில் ஏறிய பிறகு இடைவெளி மாறுகிறதா என்றும் பார்க்கச் சொல்லலாம்.

திமிங்கலம் ஏன் மீன் இல்லை?

விராலை அறிந்த பிறகு நாம் வழக்கமாகச் சொல்லும் ஒரு விளக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. திமிங்கலம் ஏன் மீன் இல்லை என்று கேட்டால், ‘அது மேலே வந்து காற்றைச் சுவாசிக்கிறது’ என்பது வகுப்பறைகளில் அதிகம் கேட்கும் விடை. விராலும் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கிறது. அப்படியானால் விரால் மீன் இல்லையா? இந்த இடத்தில் குழந்தைகளை வாதிட விட்டுவிட வேண்டும். என் வகுப்பில் ஒருமுறை பாதிப் பேர் விராலைத் தவளைக் கூட்டத்தில் சேர்த்துவிட்டார்கள்.

பிறகு பட்டியல் போடலாம். விராலுக்குச் செவுள் உண்டு, துடுப்பு உண்டு, செதில் உண்டு, குளிர் இரத்தம், முட்டையிடும். திமிங்கலத்துக்குச் செவுளே கிடையாது. நுரையீரல், வெப்ப இரத்தம், குட்டி போட்டுப் பால் கொடுக்கும். ஓர் உயிரினத்தின் கூட்டத்தைத் தீர்மானிப்பது அதன் ஒரு பழக்கம் அல்ல, உடலமைப்பும் இனப்பெருக்கமும் எல்லாம் சேர்ந்தவை என்பது அப்போது தானாகவே வெளிப்படும். ‘மீன்கள் செவுள்களால் சுவாசிக்கின்றன’ என்ற வாக்கியமும் பொய்யாகிவிடவில்லை. ‘சில மீன்களுக்குக் கூடுதல் உறுப்பும் உண்டு’ என்ற வாக்கியம் அதன் பக்கத்தில் வந்து சேர்கிறது. தேர்வில் எந்த விடை எழுதுவது என்று பிள்ளைகள் கவலைப்படுவார்கள். இரண்டையும் எழுதச் சொல்லலாம், திருத்துபவர் நாம்தானே.

விரால் தனி மீனும் அல்ல. அதன் தம்பி போன்ற குறவை, அண்ணன் போன்ற பூவிரால் ஆகியவற்றுக்கும் காற்றறை உண்டு. முள்ளால் கொட்டும் தேளி மீனுக்குச் செவுள் அறையிலிருந்து உடலின் பின்புறம் வரை இரண்டு காற்றுக் குழாய்கள் நீண்டிருக்கும். பனையேறிக் கெண்டையை விட்டுவிட முடியாது. டேனியர்கள் ஆண்ட தரங்கம்பாடியில், டால்டார்ஃப் என்ற டேனிய அதிகாரி 1791-இல் குளக்கரைப் பனைமரத்தில் இந்த மீனைப் பிடித்ததாக எழுதினார். 1797-இல் அது லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் வெளியானது. பின்னர் வந்த இயற்கை அறிஞர்கள் பலர் அதை நம்பவில்லை. தரையில் செவுள் மூடியை ஊன்றி ஊன்றி அது நகர்வதை மட்டும் எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள். மரம் ஏறியதோ இல்லையோ, நம் ஊர்க்காரர்கள் அதற்கு அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள்.

வற்றும் கண்மாயில்

மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை, திண்டுக்கல் பக்கங்களில் கோடை தொடங்கித் தண்ணீர் குறைந்ததும் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊரே கண்மாயில் இறங்கும். முழங்கால் அளவுச் சேற்றுத் தண்ணீரில் ஊத்தாவை அமுக்கி, மேல் வாய் வழியாகக் கைவிட்டுத் துழாவினால் கடைசியாகக் கிடைப்பது விராலும் குறவையும் கெளுத்தியும்தான். மற்ற மீன்கள் தாக்குப்பிடிக்காத இடத்தில் இவை தாக்குப்பிடிக்கின்றன. தண்ணீர் இன்னும் வற்றினால் விரால் சேற்றுக்குள் இறங்கிக்கொள்ளும். ஈரம் இருக்கும் வரை, காற்று கிடைக்கும் வரை உயிரோடிருக்கும். தோல் காய்ந்துவிடக் கூடாது; அதுதான் எல்லை. மழை பெய்து தரை நனைந்தால் உடலை நெளித்து நெளித்து அருகில் உள்ள நீர்நிலைக்குச் சிறிது தூரம் நகரவும் செய்யும். ‘மழையில் மீன் வானத்திலிருந்து விழுந்தது’ என்று பிள்ளைகள் சொல்லும் கதைகளில் சில இப்படி வரப்பில் நெளிந்து போன விராலாக இருக்கலாம்.

இந்தத் தாங்கும் திறன் வேறு நாட்டில் அச்சமாக மாறியிருக்கிறது. 2002-இல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் கிராஃப்டன் என்ற ஊரின் குளமொன்றில் விராலின் உறவான வடக்குப் பாம்புத்தலை மீன் காணப்பட்டது. யாரோ வாங்கி வந்து விட்டது. அதற்கு அங்கே இயற்கை எதிரி இல்லை. குளத்துக்கே நஞ்சு தெளித்து மீன்களைக் கொன்றார்கள். அதே ஆண்டு அந்தக் குடும்பத்து மீன்கள் முழுவதையும் தீங்குயிர் பட்டியலில் சேர்த்தது அமெரிக்க அரசு. நம் கண்மாயில் விரால் தன் இடத்தில் இருக்கிறது. தவளை, சிறு மீன்களைத் தின்கிறது. கொக்கும் நாரையும் நீர்க்காகமும் அதன் குஞ்சுகளைத் தின்கின்றன. இங்கே வெளியாளாக வந்து தொல்லை தருவது வேறு: வளர்க்கத் தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தி. 1952-இல் கொண்டுவரப்பட்ட ஜிலேபியும் வெளியிலிருந்து வந்ததுதான். அது இன்று எல்லாக் குளத்திலும் இருக்கிறது. குழந்தைகள் அதை நம் ஊர் மீன் என்றே நினைக்கிறார்கள். ‘கெட்ட மீன்’ என்று ஒன்று இல்லை, இடம் மாறியதுதான் சிக்கல் என்பதைப் பேச இந்த மூன்று மீன்களே போதும்.

சிவப்புக் குஞ்சுகள்

விராலிடம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மழைக்காலத்தில் ஆணும் பெண்ணும் சேர்ந்து கரையோரச் செடிகளை விலக்கி, வட்டமாக ஓர் இடத்தைச் சுத்தம் செய்யும். பெண் அங்கே முட்டையிடும். முட்டைக்குள் எண்ணெய்த் துளி இருப்பதால் அது அடியில் தங்காமல் மிதக்கும். ஓரிரு நாளில் பொரிந்துவிடும். சில நாள்களில் குஞ்சுகள் செம்மஞ்சள் நிறம் பெற்று, நூற்றுக்கணக்கில் ஒன்றாகத் திரண்டு நீந்தும். மிளகாய்ப்பொடியைத் தண்ணீரில் தூவியதுபோல் ஒரு சிவப்புத் திட்டு நகரும். திடீரென்று கீழே மறையும், மீண்டும் மேலே வரும். அதன் அடியில் தாயோ தந்தையோ, பெரும்பாலும் இரண்டுமோ இருக்கும். தவளையோ பாம்போ வேறு மீனோ அருகில் வந்தால் பாய்ந்து விரட்டும். ஏறக்குறைய ஒரு மாதம் இந்தக் காவல் நீடிக்கும். பிறகு குஞ்சுகளின் சிவப்பு மங்கிப் பெரிய மீனின் நிறம் வந்துவிடும், கூட்டம் கலைந்துவிடும். இலட்சக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காத கட்லா, ரோகுவோடு இதை ஒப்பிடலாம். விரால் இடுவது ஆயிரக்கணக்கில்தான். குறைவாக இட்டுக் காவல் காப்பது ஒரு வழி, ஏராளமாக இட்டு விட்டுவிடுவது இன்னொரு வழி.

காவலே அதற்கு ஆபத்தாகவும் முடிகிறது. சிவப்புத் திட்டு நகரும் இடத்தில் தவளையைக் கோத்த தூண்டிலைப் போட்டால், குஞ்சுகளைக் காக்கப் பாயும் பெரிய விரால் மாட்டிக்கொள்ளும் என்பது தூண்டில்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அது பசிக்காகப் பாய்வதில்லை. அந்த ஒரு மீனோடு நூற்றுக்கணக்கான குஞ்சுகளும் போய்விடும். காவல் இல்லாத திட்டைச் சிறு மீன்கள் அரை நாளில் கலைத்துவிடும். முள் குறைந்த சதையும் உயிரோடு விற்கலாம் என்ற வசதியும் சேர்ந்து விராலின் விலை எப்போதும் உயர்ந்தே இருக்கிறது. பிடிப்பவரைக் குற்றம் சொல்வதில் பயனில்லை. ஆனால் மழைக்கால ஒரு மாதம் சிவப்புத் திட்டுப் பக்கம் தூண்டில் போடாமல் இருந்தால் அடுத்த கோடையில் ஊத்தாவுக்குள் என்ன இருக்கும் என்ற கணக்கைப் பிள்ளைகள் வீட்டில் சொல்வார்கள். அவர்கள் சொன்னால் தாத்தாக்கள் கேட்கிறார்கள். நாம் சொன்னால் சிரிக்கிறார்கள்.

இந்தப் பாடத்துக்காகப் பிள்ளைகளைத் தனியாக நீர்நிலைக்கு அனுப்பிவிடக் கூடாது. மண் அள்ளிய குழிகள் உள்ள கண்மாயின் ஆழம் கரையிலிருந்து தெரியாது. சந்தைத் தொட்டியும், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதும் குறிப்பும் பெரும்பாலான வேலைக்குப் போதும். ஊரில் பிடிபடும் மீன்களின் பெயர், அது மேலே வந்து மூச்சு விடுமா விடாதா, எந்த மாதம் கிடைக்கும் என்று மூன்று கட்டங்கள் கொண்ட அட்டவணையை வகுப்புச் சுவரில் ஒட்டினால், ஒரு வாரத்தில் நிரப்பிவிடுவார்கள். பெயர்களில் சண்டை வரும். ஒரு தெருவில் குறவை என்பதை அடுத்த ஊரில் வேறு பெயரால் சொல்வார்கள். இரண்டையும் எழுதிக்கொள்ளட்டும்.

அட்டவணை தொடங்கிய வாரமே யாராவது ஒரு பிள்ளை தண்ணீர்ப் பாட்டிலில் சிவப்புக் குஞ்சுகளைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்கும். மேசைமேல் வைத்து எல்லோரும் பத்து நிமிடம் பார்க்கலாம். இந்தச் சின்ன வயதில் காற்றறை இன்னும் முழுதாக வளர்ந்திருக்காது. செவுளும் தோலுமே அவற்றுக்கு மூச்சு. அதனால் பாட்டிலின் மூடியைத் திறந்து வைத்து, நிழலில் வைக்க வேண்டும். அன்று மாலையே பெரியவர் ஒருவர் துணையோடு, பிடித்த அதே இடத்தில் விடச் சொல்ல வேண்டும். மறுநாளைக்கு என்று தள்ளினால் கூட்டம் வேறு பக்கம் நகர்ந்துவிடும். காவல் மீனும் அதனுடனே போயிருக்கும்.